நான்காம் நிறுத்தத்தில் எடுத்த படம்

யோசு நகரின் பேரரசி, என் மனைவி மல்சுனுக்கு, சியோலில் சுவர்களுக்கு வர்ணம் பூசி நாட்டைக் காக்கும் தொக்சு வணங்கி எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

ஞாயிறன்று என் அக்கா மகன் கியூவோனின் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். "பரீட்சை, மாமா. மூச்சுவிட நேரமில்ல. வரைபடம் அனுப்புறேன், நீங்களே சுத்திப் பாருங்க" என்றிருந்தான். பாதிக் கொரியாவை வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். வரைபடத்தின் முதல் நிறுத்தத்தில் வசந்தம். மூன்றாவதை அடைவதற்குள் பனிக்காலம் வந்துவிட்டது.

நான்காவது நிறுத்தம் குளக்கரை. அங்கே நம் பரீட்சைக்காரன், ஒரு பெண்ணுக்கும் அவளுடைய அப்பா அம்மாவுக்கும் மூக்கு தரையில் உரசக் குனிந்து குனிந்து இடம் காட்டிக்கொண்டிருந்தான். வர்ணம் தெறித்த என் சட்டையைப் பார்த்ததும் முகம் வெளுத்தான். பிறகு கைபேசியை நீட்டினான்.

"ஐயா, எங்களை ஒரு படம் எடுத்துத் தர முடியுங்களா?"

ஐயாவாம்! என் முதுகில் மூத்திரம் பெய்து வளர்ந்த பயல்!

"தாராளமா! சிரிங்க தம்பி" என்றேன்.

"எவ்ளோ நல்ல மனுஷன்!" என்றாள் பெண்ணின் அம்மா.

படத்தில் எல்லோரும் அழகாக இருக்கிறார்கள். கியூவோனுக்குத் தலை மட்டும் இல்லை.

அக்காவிடம் சொல்லிவிடாதே. கறையில்லாத சட்டை ஒன்று அனுப்பு. ஞாயிறுகளில் அவன் சாப்பிட வருவான் என்றுதான் கிம்ச்சி ஊறுகாய் இரண்டு பங்கு கேட்டிருந்தேன். இனி ஒன்று போதும். வேண்டாம், குறைத்தால் உன்னோடு உட்கார்ந்து கோசுக்கு மசாலா தடவும் அக்கா காரணம் கேட்பாள். வழக்கம்போலவே அனுப்பு, நானே தின்றுகொள்கிறேன்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

மாமா பதவி பறிபோன,
தொக்சு