அறைக்கு நாலு பேர்

2024 ஜனவரி 8
பட்டாசுக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த டைரி. பக்கத்துக்குப் பக்கம் ராகுகாலமும் ஒரு பாதுகாப்பு வாசகமும் அச்சிட்டிருக்கிறார்கள். ராகுகாலத்தை எல்லோரும் கடைப்பிடிக்கிறார்கள்.
அவசர சிகிச்சைப் பட்டமேற்படிப்பு, முதலாண்டு. வேலைப் பங்கீடு சுவரில் ஒட்டியிருக்கிறது. முதலாண்டு: ஊசி ஏற்று, விவரம் கேள், எழுது. இரண்டாமாண்டு: யாரை முதலில் பார்ப்பதென்று பிரித்து, கையில் நிறப்பட்டை கட்டு. மூன்றாமாண்டு: முடிவெடு. வெடிவிபத்தென்றால், உள்ளே இன்னும் யாரும் உண்டா என்று தீயணைப்புக்காரர்களுக்குச் சொல்வதும் அவர்தான். யோசிப்பது எந்த ஆண்டு என்று போடவில்லை.

மார்ச் 14
ஆமத்தூர்ப் பக்கம் பட்டாசு ஆலையில் வெடிவிபத்து. நாலு பேர் வந்தார்கள். சண்முகத்தாய்க்குத் தொண்ணூறு சதவீதத் தீக்காயம். அலுமினியத் தூள் படிந்து முகம், கழுத்து, இமை எல்லாம் வெள்ளி. வலிக்கவில்லை என்றாள். நரம்பும் சேர்ந்து எரிந்தால் வலிக்காது, பாடத்தில் இருக்கிறது. அவ்வளவு தெளிவாகப் பேசுவார்கள் என்று பாடத்தில் இல்லை.
"அறையில எத்தனை பேரும்மா?"
"நாலு பேர்தான் டாக்டரம்மா."
அறைக்கு நாலு பேர் என்பது சட்டம். ஆலையில் அறைச் சுவரிலேயே பெயிண்டில் எழுதியிருக்கும். எழுதிக்கொண்டேன்.
கொஞ்சம் கழித்து, பக்கத்து வீட்டில் பேசுவதுபோல: "பாண்டிமீனா வந்துட்டாளா? அவ தூக்குச்சட்டி ஏங்கிட்டல்ல இருக்கு."
அவள் கையில் ஒன்றும் இல்லை. கம்பெனி கொடுத்த பட்டியலில் அப்படி ஒரு பெயரும் இல்லை. 'பிதற்றல்' என்று எழுதினேன். மூன்றாமாண்டு விக்னேஷ்வரன் சார் அதைப் படித்துவிட்டு, தீயணைப்புக்காரர்களிடம் போனில் நாலு என்றார். தேடுவதை நிறுத்திவிட்டார்கள். ஆறு மணிக்குச் சண்முகத்தாயும் பேச்சை நிறுத்தினாள்.

மார்ச் 15
பாண்டிமீனா தீயோடு ஓடிப்போய்க் கருவேலங்காட்டுக்குள் கிடந்திருக்கிறாள். காலையில் ஆடு மேய்க்கப் போனவர் பார்த்தாராம். உயிர் இல்லை, உடம்பில் இன்னும் சூடு இருந்ததாம்.
சூடு இருந்துச்சுன்னா? எத்தனை மணி வரைக்கும் — வேண்டாம். பிதற்றல்னு நாந்தானே எழுதுனேன்.

2025 ஏப்ரல் 2
இரண்டாமாண்டு. பட்டை கட்டுகிறேன். கறுப்பு என்றால், மற்றவர்களைப் பார்த்து முடித்தபின் நேரமிருந்தால். கறுப்பு கட்டும்போது சிலர் நன்றி சொல்கிறார்கள்.
இன்று ஒருவர், நான் வாயே திறக்கவில்லை, கண்ணை மூடியபடி "நாலு பேர்தான்" என்றார். பைக்கிலிருந்து தனியாக விழுந்தவர். விசாரித்தேன். பத்து வருஷம் பட்டாசு வேலை.

2026 பிப்ரவரி 19
மூன்றாமாண்டு. போன் இப்போது என்னிடம்.
மறுபடி வெடிவிபத்து, மூன்று மணிக்கு நாலு பேர். சீனிச்சாமி மட்டும் பேசினார். அதே வெள்ளி முகம்.
"எத்தனை பேருண்ணே?"
"நாலு பேர்தான்."
ஆண் குரல்தான். ஆனால் அது சண்முகத்தாய் சொன்ன மாதிரியே இருந்தது, இழுப்பு உட்பட. எண்ணிக்கை கேட்பதை விட்டுவிட்டேன்.
"மத்தியானம் யார் யாரோட உக்காந்து சாப்பிட்டீக?"
இந்தக் கேள்விக்குக் கம்பெனியில் யாரும் பதில் சொல்லிக்கொடுத்திருக்கமாட்டார்கள்.
"பாண்டிராஜ் புளிச்சோறு. லட்சுமிகாந்தம் ரசம். புகழேந்திப் பய எதுவும் கொண்டாரமாட்டான், ஏங்கிட்டத்தான் திம்பான். முருகம்மா கருவாடு—"
நிறுத்தினார். பிறகு: "தாயி, நான் சொன்னேன்னு சொல்லிராதீக."
வந்த நாலு பேரில் முருகம்மாள் இல்லை. தீயணைப்பு அதிகாரியிடம் போனில் ஐந்து என்றேன்.
"கம்பெனி லிஸ்ட்டுல நாலுதான் இருக்கு டாக்டர்."
"அது அவங்க லிஸ்ட். முருகம்மாள்னு ஒரு பொம்பளை. காட்டுக்குள்ளயும் பாருங்க."
ஐந்து இருபதுக்கு ஓடைக்குள்ளிருந்து எடுத்துவந்தார்கள். மூச்சு இருந்தது.

பிப்ரவரி 26
முருகம்மாள் பிழைத்துவிடுவாள். காலையில் கஞ்சி குடித்தாள். மகளுக்கும் அதே கம்பெனியில்தான் வேலை என்றாள்.
விசாரணை அதிகாரி வந்தார். அறையில் எத்தனை பேர் என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மின்விசிறியைப் பார்த்தாள்.
"நாலு பேர்தான் சார்."
"உன்னையும் சேத்தா?"
"நான் அங்கன இல்லவே இல்ல சார்."
அவர் எழுதிக்கொண்டு போனார். அவள் கையில் கட்டு மாற்றினேன். விரலிடுக்கில் இன்னும் வெள்ளி இருந்தது.