ஆள் அனுப்பிய அண்ணனுக்கு

டிக்கோயா
09.02.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வடிவு எழுதுகிறேன். அம்மாவுக்கு இருமல் பரவாயில்லை. போனில் பேசினால் பதிவு செய்வார்கள் என்று நீங்கள் பயப்படுவதால் இதை முஹ்ஸின் நானா கடையில் கொடுக்கிறேன். அவருடைய மருமகன் வெள்ளிக்கிழமை துபாய்க்குத் திரும்புகிறாராம்.

நேற்று முன்தினம் என் வீட்டுக்காரர் யாருடைய போனிலிருந்தோ பேசினார். ஹட்டனில் கொத்து ரொட்டி போட்டுக்கொண்டிருந்த மனுஷனை, "இராணுவ முகாமில் சமையல் வேலை, சண்டை நடக்கிற இடம் வெகுதூரம்" என்று சொல்லித்தானே அனுப்பினீர்கள்? "வடிவு, பாஷை தெரியாத பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டு துப்பாக்கியக் குடுத்துட்டாங்க. நாகலெட்சுமி அக்கா மவன் அழகன் எம்பக்கத்துலயே செத்துப்போனான்" என்றார். அதோடு போன் நின்றுவிட்டது.

நாகலெட்சுமி அக்காவிடம் போய்ச் சொன்னது நான்தான். தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் கூடையோடு நின்றார். அழவில்லை. "சமையக்கட்டுல எப்படிம்மா குண்டு விழும்?" என்று கேட்டார். பதிலை நீங்கள் எழுதுங்கள்.

வெளிநாட்டுச் சண்டைகளுக்குக் கூலிப்படையாக ஆள் சேர்ப்பதைத் தடுக்க ஒரு சட்டம் வரப்போகிறதாம். நாடாளுமன்றக் குழு முன்னால் குடும்பத்தார் வந்து பேசலாம் என்று ஹட்டன் சட்டத்தரணி சுதர்ஷினி சொன்னார். நான் பேசப்போகிறேன்.

அன்புத் தங்கச்சி,
வடிவு


துபாய்
27.02.2025

பாசமுள்ள தங்கச்சி சண்முகவடிவுக்கு,

அழகன் செய்தி கேட்டு எனக்கும் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆனால் நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் நான்தான் அவனைச் சுட்டமாதிரி இருக்கிறது.

நான் எந்தச் சட்டத்தை மீறினேன்? அப்படி ஒரு சட்டமே நம் நாட்டில் இல்லை. தோட்டத்து லயத்து அறையில் முடங்கிக் கிடந்தவர்களுக்கு ஒரு வழி காட்டினேன். எல்லோரும் வயது வந்தவர்கள்.

அந்தச் சட்டம் வந்தால் அனுப்பியவனை மட்டும் பிடிக்காது, போனவனையும் பிடிக்கும். மாப்பிள்ளை பிரதாப் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கியதும் நேரே சிறைதான். அப்பா போன பிறகு உன்னைப் படிக்கவைத்தது நான். புருஷனை உன் வாயாலேயே உள்ளே தள்ளத்தான் படித்தாயா?

யோசி. அம்மாவிடம் எதுவும் சொல்லாதே.

அண்ணன்,
ஆண்டியப்பன்


டிக்கோயா
15.03.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் என்னைப் பயமுறுத்தியது, உண்மைதான். அதைத் தூக்கிக்கொண்டு சுதர்ஷினி மிஸ்ஸிடம் ஓடினேன். சட்ட வரைவை எடுத்துக் காட்டினார். நீங்கள் சொன்னது சரி. சேர்த்தவருக்கும் சேர்ந்தவருக்கும் ஒரே தண்டனை என்றுதான் இருக்கிறது. "அப்ப நா பேசாம இருந்துறவா மிஸ்?" என்று கேட்டேன். "நீங்க பேசாட்டி இது இப்படியே பாஸாகிரும். ஏமாந்து போனவங்கள வேறயாப் பாருங்கன்னு யாராச்சும் போய்க் கேக்கணும்ல?" என்றார்.

ஆகவே முன்னைவிட இப்போது கட்டாயம் போகிறேன்.

வயது வந்தவர்கள் என்கிறீர்கள். வயது வந்தவரிடம் துப்பாக்கி என்று சொல்லியிருக்கலாமே. ஏன் கரண்டி என்று சொன்னீர்கள்?

நீங்கள் படிக்கவைத்ததை நான் மறக்கவில்லை அண்ணா. முன்பள்ளியில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற ஒவ்வொரு நாளும் அது நினைவிருக்கிறது. ஆனால் அதற்கு வாய்மூடி இருப்பது விலை என்று அன்றைக்கு நீங்கள் சொல்லவில்லை.

அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். "அண்ணன விட்டுக்குடுத்துறாதடி" என்று அழுகிறார். பிறகு அவரே, "பிரதாப்பு எப்ப வருவாரு?" என்கிறார்.

தங்கச்சி,
வடிவு


துபாய்
02.04.2025

வடிவு,

சண்டை வேண்டாம். நல்ல செய்தி சொல்கிறேன். அந்த முகாமில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். மாப்பிள்ளையைப் பின்னால் இழுத்து, ஒரு மாதத்துக்குள் விமானம் ஏற்றிவிடலாம். பேசிவிட்டேன்.

நீ கொழும்புக்குப் போகக்கூடாது. என் பெயரை எங்கும் சொல்லக்கூடாது. அவ்வளவுதான். மற்றவர்களைப் பற்றிக் கேட்காதே. ஒருவரைத்தான் முடியும்.

உன் தாலிக்காகக் கேட்கிறேன். ஒரு வரி எழுது, போதும்.

அண்ணன்


டிக்கோயா
11.05.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒரு வரி கேட்டீர்கள். மாட்டேன்.

இதை நான் லேசாக எழுதவில்லை. சரி என்று எழுதி உறையில்கூடப் போட்டேன். முஹ்ஸின் நானா கடைக்குப் போகிற வழியில் நாகலெட்சுமி அக்கா எதிரே வந்தார். என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்தக் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் போட்டேன்.

மறுவாரம் என் வீட்டுக்காரர் போனில் பேசினார். நீங்கள் சொன்னதைச் சொன்னேன். "நா மட்டும் வந்து, எங்கூட வந்த கொட்டகலைப் பொடியங்க ரெண்டு பேரு இங்க கெடந்தா, அந்த ரோட்டுல நா எப்படித் தல நிமிந்து நடப்பேன்? நீ போய்ப் பேசு வடிவு" என்றார்.

எனக்குப் பயம் தந்தது எது தெரியுமா? உங்களால் அவரை எடுக்க முடியும் என்பதுதான். ஒரு பேச்சில் ஒருவரைப் பின்னால் இழுக்க முடிந்தவர், அவர்கள் சண்டை முனையில் நின்ற இத்தனை மாதமும் பேசாமல் இருந்திருக்கிறீர்கள்.

சென்ற செவ்வாய் கொழும்புக்குப் போனேன். பெரிய மேசை. மைக்கை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். படிக்காமல் ஏன் கையெழுத்துப் போட்டார் என்று ஒருவர் சிங்களத்தில் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் வாய் திறக்குமுன் நானே சிங்களத்தில் சொன்னேன்: "அவர் படிக்காத பேப்பரை நம்பவில்லை. மச்சானை நம்பினார்." ஏமாற்றி அனுப்பப்பட்டவர்களைச் சிறையில் போடாதீர்கள் என்றும் கேட்டேன்.

அனுப்பியது யார் என்று கேட்டார்கள். உங்கள் பெயரைச் சொன்னேன். என் கூடப்பிறந்தவர் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

வடிவு


துபாய்
03.09.2025

சண்முகவடிவுக்கு,

சட்டம் நிறைவேறியதாம். சந்தோஷப்படாதே. இங்கே ஒரு வக்கீலிடம் கேட்டுவிட்டேன். சட்டம் வருவதற்கு முன் நடந்ததற்கு அது செல்லாது. என் ஒரு முடியைக்கூட உன்னால் தொட முடியாது.

எனக்குத் தங்கச்சி இல்லை. அடுத்த மாதம் அம்மாவைப் பார்க்க வருவேன். அந்த நேரம் நீ வீட்டில் இருக்காதே.

ஆண்டியப்பன்


டிக்கோயா
28.09.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அவர் வந்துவிட்டார். அங்கே ஆஸ்பத்திரியில் கிடந்தவரைத் தூதரகத்தார் கண்டுபிடித்து அனுப்பினார்கள். இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை. கொட்டகலைப் பையன்களில் ஒருவன் கூட வந்தான். மற்றவனைப் பற்றித் தகவல் இல்லை. அவன் தாயைப் பார்க்கப் போக எனக்கு மனம் வருவதில்லை. ஆனாலும் போகிறேன்.

விமான நிலையத்தில் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு இருவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏமாற்றி அனுப்பப்பட்டவர் குற்றவாளி அல்ல என்று சட்டத்தில் ஒரு பிரிவு சேர்ந்திருக்கிறது. நேரே சிறை என்றீர்களே, இல்லை. இவர் இப்போது ஒற்றைக் கையால் தேங்காய் துருவப் பழகுகிறார். என்னை உதவிக்கு விடுவதில்லை.

புதிய சட்டம் உங்களைத் தொடாது என்பது உண்மைதான். அது இனி வரப்போகிறவர்களுக்கு. உங்களுக்குப் பழைய சட்டமே போதுமாம், பொய் சொல்லி ஏமாற்றியதற்கு. இங்கிருந்து ஆள் போன எல்லாக் குடும்பங்களும் சேர்ந்து போலீஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். முதல் கையெழுத்து நாகலெட்சுமி அக்காவுடையது. அடுத்தது என்னுடையது.

தங்கச்சி இல்லை என்று எழுதினீர்கள். அது உங்கள் ஒருவர் முடிவில் நடக்கிற காரியம் இல்லை. அம்மா உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். வாருங்கள். நான் எங்கும் போகமாட்டேன். சோறு ஆக்கி நானே போடுவேன். நீங்கள் சாப்பிட்டு, அம்மாவோடு பேசி, கை கழுவி எழும் வரைக்கும் பொறுத்திருப்பேன். பிறகு உங்கள் முன்னாலேயே போலீசுக்குப் போன் செய்வேன்.

உங்கள் கூடப்பிறந்தவள்,
சண்முகவடிவு