முந்திச் சிவந்த வரிசை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உடம்புக்கு இருவரும் சுகம், பேச்சுவார்த்தைதான் இல்லை. உன் அப்பா உப்பு வேண்டுமென்றால்கூடப் பூனையைப் பார்த்துத்தான் கேட்கிறார். ஃபோனில் சொல்லலாமென்றால் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார், அதனால் இதை எழுதி, மருந்துக்கடைக்காரரிடம் படமெடுத்து உனக்கு அனுப்பச் சொல்கிறேன். படித்துவிட்டுப் பதறாதே, ஆறப்போடவும் செய்யாதே.

விஷயம் உன் செடிகள்தான். கல்யாணமாகிப் புறப்படும் முன் நம் நர்சரியின் பின்வேலியோரம் குச்சி ஒடித்து ஒரு வரிசை நட்டாயே, குளிர் தொடங்கினால் இலையெல்லாம் நெருப்பாய்ச் சிவக்கும் என்று. மற்ற வரிசைகள் பச்சைப் பசேலென்று இருக்க, அது மட்டும் இப்போதே சிவந்து நிற்கிறது. அப்பாவுக்குக் கால் தரையில் இல்லை, என் பொண்ணு வெச்சது முந்திக்கிச்சு பாத்தீங்களா என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்தார். புது ஆஸ்பத்திரிக்குத் தோட்டம் போடும் காண்ட்ராக்டர் பார்த்து மயங்கி, வரிசை முழுவதையும் வேர்மண்ணோடு கேட்டார், இவரும் வாக்குக் கொடுத்துவிட்டார். சனிக்கிழமை வண்டி வருகிறது.

எனக்கு அது சரியாகப் படவில்லை. காலத்துக்கு முன்னே சிவந்தால் அது அழகில்லை, அடியில் கோளாறு. கடைசிச் செடியைத் தோண்டினேன். வேர் வடிகட்டிய டீத்தூள் மாதிரி கறுத்து, தொட்டால் தோல் கழன்று வந்தது, ஒரே நாற்றம். எல்லாம் அளவுக்கு மீறிய தண்ணீர். போன தடவை வந்தபோது தண்ணி பத்தலப்பா என்று ஒரு வார்த்தை சொன்னாய், மனுஷன் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். வேரைக் காட்டினால், என் பொண்ணு செடி நல்லா வந்தா உனக்கு ஏன் பொறுக்கல என்று கேட்டார். நீ எனக்கு என்ன, பக்கத்து வீட்டுப் பெண்ணா? நானும் கோபத்தில் வாயைவிட்டேன், அன்றிலிருந்துதான் இந்த மௌனம். இன்றே தண்ணீரை நிறுத்தி மண்ணை ஆறவிட்டால் பாதியாவது பிழைக்கும். இப்படியே பெயர்த்து ஆஸ்பத்திரி வாசலில் வைத்தால் வெறும் சுள்ளிதான், எங்கள் பெயரும் அதோடு போகும். வண்டி வந்தால் கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளப் போகிறேன், ஊர் சிரித்தாலும் சரி.

ஆனால் தண்ணீரை என்னால் நிறுத்த முடியவில்லை. நேற்றுதான் கவனித்தேன். சாயங்காலம் நீ வழக்கமாகக் கூப்பிடுவாயே, அந்த நேரத்துக்கு ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அந்த வரிசைக்குப் போகிறார். உன் வேலை நேரம் மாறிப் பேச்சு ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஆனதிலிருந்து இப்படித்தான் போலிருக்கிறது. ஃபோன் அடிக்காது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டுக் குழாயைத் திறந்துவிடுகிறார். உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணு, எனக்கு அழுகையே வந்துவிட்டது. கோபம் போகவில்லை, அது வேறு.

வேளைக்குச் சாப்பிடு. இருவரும் ஒரு குறையுமில்லாமல் நன்றாயிருங்கள், மாப்பிள்ளைக்கும் என் ஆசி. இன்று சாயங்காலம் மறக்காமல் அந்த நேரத்துக்கு அவரைக் கூப்பிடு. தண்ணீர் போதும், வண்டியையும் வர வேண்டாமென்று சொல்லிடுங்கப்பா என்று முதலில் சொல்லிவிடு, நீ சொன்னால் கேட்பார். அப்புறம் எதையாவது பேசு, இருட்டும் வரை ஃபோனை வைத்துவிடாதே. உன்னோடு பேசும்போது அவருக்குக் குழாய் ஞாபகமே வராது.

கேட் சாவியோடு,
உன் அம்மா