பத்தாவது தாள்

சேசு மரி சூசை

மோஷி, டாங்கனிகா
12.8.1962

அன்பு மனைவி வியாகுலத்துக்கு இன்னாசிராஜ் எழுதிக்கொள்வது.

சுகமாக வந்து சேர்ந்தேன். கப்பலில் வாந்தி எடுத்த கதையை நேரில் சொல்கிறேன். நீ கட்டிக்கொடுத்த எலுமிச்சை ஊறுகாய்தான் என்னைக் கரை சேர்த்தது.

மிஷன் நடத்தும் தொழுநோய் இல்லத்தில் எனக்கு முப்பது மாணவர்கள். சித்திரம் சொல்லித்தர வந்தவன் முன்னால் பென்சில் பிடிக்க விரல் இல்லாதவர்கள் வந்து உட்கார்ந்தால் என்ன செய்வேன்? பயந்துபோனேன். உன்னிடம் சொல்ல என்ன வெட்கம். ஆனா என்ற பெயருடைய ஓர் அம்மாள், கரித்துண்டை மணிக்கட்டோடு துணியால் கட்டிக்கொண்டு தன்னையே வரையத் தொடங்கினாள். ஆனால் பாதங்களை மட்டும் துணியால் மூடியே வைத்திருந்தாள். "மூடாதீங்கம்மா. இருக்கிறதை இருக்கிறபடி பாருங்க" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த சிஸ்டர் என்ன புரிந்துகொண்டு சொன்னாரோ, அந்த அம்மாள் துணியை விலக்கிவிட்டாள்.

நம் கூடத்துச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேனே, "நினைப்பதை வரையாதே, பார்ப்பதை வரை" என்று. அது இங்கேயும் செல்லுபடியாகிறது.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பை நிறுத்திவிடாதே. ஏதாவது ஒரு பொருளை நடுவில் வைத்து ஒன்பது பிள்ளைகளையும் சுற்றி உட்கார வை, போதும். தாள்களை ஏர்மெயிலில் அனுப்பு. சிவப்புப் பென்சிலால் திருத்தி அனுப்புகிறேன். உனக்கு வரையத் தெரியாது என்பது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம்!

உன் அன்புள்ள,
இன்னாசிராஜ்


சேசு மரி சூசை

பாலக்கரை, திருச்சி
9.9.1962

அன்புள்ள அத்தானுக்கு வியாகுலம் எழுதிக்கொண்டது.

கடிதம் கிடைத்தது. ஊறுகாயைப் பற்றி எழுதினீர்கள், பிள்ளைகளைப் பற்றி எழுதினீர்கள். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வரி இல்லை. பரவாயில்லை, இருக்கிறேன்.

வகுப்பு நடக்கிறது. பூசை முடிந்து வந்ததும் பாயை விரித்து, நடுவில் செம்பை வைக்கிறேன். கிளமென்ட் அதை ஆட்டுக்கல் மாதிரி போடுகிறான். ஸ்ரீரங்கத்து ரெங்கநாயகி தன் அம்மாவோடு பஸ்ஸில் தவறாமல் வருகிறாள். "எங்காத்துச் சுவரெல்லாம் இவ கிறுக்கல்தான் டீச்சர், நீங்கதான் திருத்தணும்" என்கிறார் அந்த அம்மாள். என்னைப் போய் டீச்சர் என்கிறார். எனக்கு உள்ளூரச் சிரிப்பு, கொஞ்சம் பெருமையும்தான்.

மலைக்கோட்டைக் கடைவீதிக்குப் போய் மாதக்கணக்காகிறது. கிளமென்ட் அம்மாதான் வேண்டியதை வாங்கி வருகிறாள். முன்போல நடக்க முடியவில்லை.

பத்துத் தாள் அனுப்பியிருக்கிறேன். ஒன்பது பேருக்குப் பத்து எப்படி என்று கேட்காதீர்கள். புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார். நன்றாகப் பார்த்துத் திருத்துங்கள்.

தங்கள் அன்புள்ள,
வியாகுலம்


சேசு மரி சூசை

மோஷி
14.10.1962

அன்புள்ள வியாகுலத்துக்கு,

திருத்திய தாள்கள் இத்துடன். கிளமென்டுக்குப் பத்துக்கு நான்கு. ஆட்டுக்கல் என்று பார்த்தால் நன்றாகவே இருக்கிறது. ரெங்கநாயகிக்கு எட்டு. இந்தப் பெண் எங்கேயோ போகப் போகிறாள், பார்.

பத்தாவது தாளில் பெயர் இல்லை. ஒரு பெண்ணின் இடது கால். யார் அந்தப் புது ஆள்? கொஞ்சமும் பார்க்காமல் வரைந்திருக்கிறது. முழங்காலுக்குக் கீழே ஒரே கனமாக இறங்கி, கணுக்கால் என்பதே இல்லை. மனிதக் காலா, தூணா? சரியான கணுக்காலைச் சிவப்பில் போட்டுக் காட்டியிருக்கிறேன். அதற்கு மேலே ஒரு கறை வேறு. சுத்தமாக அழிக்கச் சொல். பத்துக்கு இரண்டு. மனசு ஒடிந்துபோகாமல் பக்குவமாகச் சொல், உனக்குத்தான் அது வரும்.

இன்னொரு விஷயம். மிஷனை நடத்தும் பெரிய சாமியார் என்னை இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார். அதற்கான ஒப்பந்தப் பாரம் மேஜைமேல் இருக்கிறது; வருடக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். இங்கே எனக்கு வேலை இருக்கிறது என்று மனசு சொல்கிறது. நமக்கும் பிள்ளை குட்டி என்று இல்லை. நீ சரி என்றால் போடுகிறேன். உன் பதில் வராமல் பேனாவைத் தொடமாட்டேன்.

இன்னாசிராஜ்


சேசு மரி சூசை

பாலக்கரை
4.11.1962

அத்தானுக்கு,

பத்தாவது தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வரைந்தவள் சொல்வதை நானே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் வரைந்தவள் நான்தான்.

அது கறை இல்லை. கல்யாணமான முதல் வாரத்தில் நீங்கள் கஞ்சிப் பானையைத் தட்டிவிட்டீர்களே, அந்தத் தழும்பு. மூன்று நாள் நீங்களே மருந்து போட்டீர்கள்.

பார்க்காமலும் வரையவில்லை. காலை முக்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு நான்கு மத்தியானம் பார்த்துத்தான் வரைந்தேன். யானைக்கால். நெறிகட்டிக் காய்ச்சல் வந்து வந்து போனதே, அது சும்மா காய்ச்சல் இல்லையாம். நீங்கள் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே டாக்டர் சொல்லிவிட்டார். அப்போதே கால் பருத்துவிட்டது. சேலையைத் தரையில் இழுபடும்படி கட்டிக்கொண்டுதான் ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்தேன். சொன்னால் போகமாட்டீர்கள் என்று பயம். சொன்ன பிறகும் போய்விட்டால் என்ன செய்வது என்று அதைவிடப் பயம்.

அங்கே ஒரு பெண் துணியை விலக்கியதை எழுதினீர்கள். அதைப் படித்துத்தான் எனக்குத் தைரியம் வந்தது. வாயால் சொல்ல வராததை வரைந்து அனுப்பினால் புரிந்துகொள்வீர்கள் என்று நினைத்தேன். நினைத்தது என் தப்பு.

பாரத்தைப் பற்றி நான் என்ன சொல்ல? உங்கள் இஷ்டம்.

வியாகுலம்


சேசு மரி சூசை

மோஷி
22.11.1962

என் வியாகுலத்துக்கு,

இது நான்காவது தாள். முதல் மூன்றையும் கிழித்துப் போட்டுவிட்டேன்.

நான் போட்ட சிவப்புக் கோட்டைப் பார்க்கப் பார்க்க என் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. உன் காலை அழித்து எனக்குத் தெரிந்த காலைப் போட்டேன். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவன், சொந்த மனைவியின் தழும்பை அழிக்கச் சொன்னேன். நேற்று உன் வலது காலை ஞாபகத்திலிருந்து வரைய உட்கார்ந்தேன். வரவில்லை. பன்னிரண்டு வருடம் எனக்குக் காபி கொண்டுவந்து வைத்த கால். என்னை மன்னித்துவிடு.

"உங்கள் இஷ்டம்" என்று எழுதாதே. எனக்குச் சேவை செய்யும் ஆசை நிஜம்தான், பொய் சொல்லமாட்டேன். ஆனால் நீ உன் மனசில் இருப்பதை ஒரு தடவை நேராகச் சொல்.

இன்னொன்றும் செய். ஒரு பெரிய தாளைத் தரையில் விரித்து, இரண்டு காலையும் அதன்மேல் வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு இழுத்து அனுப்பு. பார்த்து வரைய வேண்டாம். எனக்கு அளவு வேண்டும்.

இன்னாசிராஜ்


சேசு மரி சூசை

பாலக்கரை
10.12.1962

அன்புள்ள அத்தானுக்கு,

நேராகக் கேட்டீர்கள், நேராகச் சொல்கிறேன். கையெழுத்துப் போடாதீர்கள். எனக்கு நீங்கள் வேண்டும். இதை எழுதிவிட்டு மாதாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்த ஏழைகளிடமிருந்து உங்களைப் பிடுங்குகிறேனே என்று. ஆனாலும் அந்த வரியை அடித்துவிடமாட்டேன், எழுதியது எழுதியதுதான்.

போன ஞாயிறு செம்பை எடுத்து வைக்கக் குனிய முடியவில்லை. வலி. சரி என்று முக்காலியில் காலையே தூக்கி வைத்து, "இன்னிக்கு இதை வரைங்க" என்றேன். பிள்ளைகள் பென்சிலை எடுத்துக்கொண்டார்கள். கிளமென்ட் மட்டும், "தொட்டா வலிக்குமா டீச்சர்?" என்று கேட்டான். ரெங்கநாயகி அப்படியே வரைந்திருந்தாள், தழும்பு உட்பட. அவள் அம்மா பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத்தனை நாள் இந்தக் காலோடயா எங்க கொழந்தேளுக்குச் சொல்லித் தந்தேள்?" என்றார். அன்று நான் சேலையை இழுத்து மூடவில்லை.

நீங்கள் கேட்டபடி கோடு இழுத்தேன். வலது கால் தாளில் அடங்கி உட்கார்ந்தது. இடது கால் விளிம்பைத் தாண்டிவிட்டதால் இன்னொரு தாளை ஒட்ட வேண்டியதாயிற்று. எதற்கு என்றுதான் புரியவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முறுக்கு சுட்டால் தின்ன ஆளில்லை.

தங்கள் அன்புள்ள,
வியாகுலம்


சேசு மரி சூசை

மோஷி
6.1.1963

என் அன்பு வியாகுலத்துக்கு,

மார்ச் மாதக் கப்பலில் இடம் கிடைத்துவிட்டது. என் இடத்துக்கு வரும் கன்னியாஸ்திரீக்குப் பாடத்தை ஒப்படைத்துவிட்டு வருகிறேன். பம்பாயிலிருந்து தந்தி கொடுப்பேன்.

கோடு எதற்கு என்று கேட்டாயே. இங்கே பழைய டயரில் செருப்புத் தைக்கும் ஒருவர் இருக்கிறார். கடையில் கிடைக்கிற செருப்பு எதுவும் சேராத கால்களுக்கு, இப்படிக் கோடு இழுத்துத்தான் அளவு எடுக்கிறார். உன் தாளை விரித்ததும், "யாருடையது?" என்று கேட்டார். "என் மனைவியுடையது" என்றேன். இடது காலுக்கு முதலில் வெட்டினார். உள்ளே மெத்தென்று ரப்பர், பக்கத்தில் தளர்த்திக்கொள்ள வார். அந்த வாரில் ஆனா அம்மாள் கறுப்புச் சாயத்தால் பூ வரைந்திருக்கிறாள், மணிக்கட்டில் குச்சியைக் கட்டிக்கொண்டு. இரண்டும் என் பெட்டியில் மேலாக இருக்கின்றன.

பத்தாவது தாளும் பெட்டியில்தான். சிவப்புக் கோட்டை ரப்பரால் தேய்த்துப் பார்த்தேன், முழுக்கப் போகவில்லை. இரண்டு மதிப்பெண்ணை அடித்துவிட்டேன். வேறு எண் எதுவும் போடவில்லை, அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. கீழே உன் பெயரை மட்டும் எழுதினேன்.

ஸ்டேஷனுக்கு வரும்போது சேலையைத் தரையில் இழுபடக் கட்டாதே. கொஞ்சம் தூக்கியே கட்டிக்கொண்டு வந்து நில். ரயிலை விட்டு இறங்கியதும் முதலில் நான் பார்க்க வேண்டும்.

உன்
இன்னாசிராஜ்