ஒரு முழம் உயர்த்திய பாய்

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, காபிக்குப் பால்கூட வைக்காமல், கொல்லைக் கொட்டகைக்குப் போய்ப் படகின் மேல் கிடந்த மூடுதுணியை விலக்கினேன். மெழுகு பூசிய தார்ப்பாயின் வாசனை முகத்தில் அடித்தது. எனக்கு அது லாரிப் பட்டறை வாசனை. நீ மட்டும்தான் அதைக் கடல் வாசனை என்பாய். அதன் மேல் மடக்கி வைத்திருந்த தார்ப்பாய் நிழல்கூண்டை விரித்துப் பார்த்தேன். பின்பக்கத் துணியில் வெள்ளைப் பெயிண்டில் எழுதிய முப்பத்தேழு அப்படியே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரியிலிருந்து ஒருவர் படகை ஏற்றிப்போக வண்டியோடு வருகிறார். அதற்குள் சரி, இல்லை என்று நான் சொல்ல வேண்டும். நீ இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. "படகு உங்க ரெண்டு பேருது. நீங்களே ஒரு முடிவு எடுங்கக்கா" என்று உன் தம்பி பெங்களூரிலிருந்து சொல்லிவிட்டான்.

அந்த மனிதர் போன வாரமே வந்து பார்த்தார். படகு தெரிந்தவர். பாய்மரத்தைத் தட்டினார், அடிப்பலகையைத் தடவினார். பாயை விரித்ததும் முகம் சுருங்கியது.

"மேடம், நல்ல படகு. யாரு இத இப்படிக் கெடுத்து வச்சது?"

"நான்தான் சார்" என்றேன்.

அவர் கூண்டைக் கழற்றிவிட்டு, புதுப் பாய் போட்டு, பழையபடி ஆக்கிவிடுவதாகச் சொன்னார். 'நான்தான்' என்று சொன்னபோது என் குரலில் கொஞ்சமும் வெட்கம் இல்லை. அதை உன்னிடம் சொல்லத்தான் இந்த மடல்.

படகு வந்த நாள் நினைவிருக்கிறதா? கல்லூரியில் என்.சி.சி. கப்பற்பிரிவில் நீ பாய் கட்டக் கற்றவள். விடுதியில் நம் முப்பத்தேழாம் அறையில் என் படிப்பு மேசைக் காலில் முடிச்சுப் போட்டுப் பழகியவள். இருபது வருடம் கழித்து, சென்னையில் யாரோ ஒதுக்கிப் போட்டிருந்த சின்னப் பாய்மரப் படகை வாங்கி, சிமெண்ட் இறக்கிவிட்டு அரியலூருக்கு வெறுமனே திரும்பிய லாரியில் ஏற்றி அனுப்பினாய். எங்கள் வீட்டு வாசலில் அது இறங்கியபோது தெருவே கூடிவிட்டது. எங்கள் ஊர் ஏரியில் மீன் குத்தகை எடுத்தவர் மட்டும் சிரிக்கவில்லை. "டீச்சர், ஓட்டுங்க, வேணாங்கல. வலைய மட்டும் கிழிச்சிடாதீங்க" என்றார்.

இரண்டு குளிர்காலம் நன்றாக ஓட்டினோம். பெரம்பலூரிலிருந்து பஸ் பிடித்து ஞாயிறுதோறும் வந்துவிடுவாய். நீ சுக்கான், நான் கயிறு. பாயின் அடியில் நீளமாகக் கிடக்கும் கட்டை, நீ 'பூம்' என்று சொல்வாயே, அது படகு திரும்பும்போதெல்லாம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வீசும். உட்கார்ந்திருப்பவர் தலையை முழங்காலுக்குள் புதைக்க வேண்டும். நான் கணக்கு டீச்சர். எத்தனை தடவை திரும்பினோம் என்பதை மண்டையில் விழுந்த அடியை வைத்தே சொல்வேன்.

பிறகு உனக்கு லூபஸ் என்றார்கள். வெயில் பட்டால் உடம்பே தனக்கு எதிராகத் திரும்பும் நோய். மூட்டெல்லாம் வீங்கும். கழுத்தை வளைக்க முடியாது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிய அறையில் நாலு வருடம். பெரம்பலூரில் பார்த்த கல்லூரி வேலையை விட்டாய். படகைப் பற்றி நானாகப் பேச்செடுத்தால் வேறு பேச்சுக்குப் போய்விடுவாய்.

ஒருநாள் உன் அறையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கண்ணை மூடியபடியே சொன்னாய்.

"நான் குனியவும் கூடாது, வெயில்ல காயவும் கூடாது. அவ்ளோதானடி. படகுக்கு ஒண்ணும் ஆகலையே?"

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, உன்னைக் குனிய வைக்கத் தேவையில்லை, கட்டையை மேலே தூக்கினால் போதும் என்று.

பாய்மரத்தில் அந்தக் கட்டை மாட்டும் இடத்தை ஒரு முழம் உயர்த்தினால், பாயின் அடியில் ஒரு முழம் வெட்ட வேண்டும். மொட்டைமாடியில் பாயை விரித்துச் சாக்பீஸால் கோடு போட்டேன். நேர்கோடு. போனில் கேட்டுவிட்டுச் சிரித்தாய். "நேரா வெட்டாத. பின்பக்கம் நாலு விரல் கூட வெட்டு. பாய் நாள்பட இழுபட்டுத் தொங்கும். தொங்கினா அது என் தலையிலதான் விழும்." நான் அழித்துச் சாய்வாகப் போட்டேன். பாய் சிறிதானால் வேகம் குறையுமே என்றேன். "வேகமாப் போயி? ஏரி அங்கேயேதான் இருக்கும்" என்றாய்.

வெட்டிய பாயை மடித்துத் தைக்கப் பெரம்பலூர் பைபாஸில் லாரித் தார்ப்பாய் தைக்கும் செல்வராசு அண்ணனை விட்டால் ஆளில்லை. நிழலுக்கும் அவர்தான் வழி சொன்னார். கூண்டு வண்டிக்கு வளைப்பதுபோல இரண்டு இரும்புக் குழாயை வளைத்து, அதன்மேல் தார்ப்பாய். அதற்கும் மேலே கட்டை இடிக்காமல் வீச வேண்டும். அளவெடுக்கும்போது என்னை ஸ்டூலில் உட்கார வைத்து, "மேடம், நிமுந்து உக்காருங்க. இன்னும் நிமுந்து. அவுங்க உங்களவிட ஒசரம்னு சொன்னீங்களே" என்றார். எல்லாம் முடிந்ததும் பெயிண்ட் டப்பாவோடு நின்றார்.

"வண்டி நம்பர் சொல்லுங்க. எழுதணும்."

"அண்ணே, இது படகு. நம்பர் கெடயாது."

"நம்பர் எழுதாம ஒரு தார்ப்பாயும் என் கடைய விட்டுப் போனதில்ல."

உனக்குப் போன் போட்டேன். யோசிக்கவே இல்லை, "முப்பத்தேழு" என்றாய்.

தை மாதம், ஏரி நிறைந்திருந்தது. தன் வேலையைப் பார்க்க செல்வராசு அண்ணனும் கரைக்கு வந்திருந்தார். நீ கூண்டுக்குள் நிமிர்ந்து உட்கார்ந்து, கையை மேலே நீட்டித் துணியைத் தொட்டுப் பார்த்தாய். நான் பாய்க்கயிற்றைப் பிடித்திருந்ததைப் பார்த்து அவர், "கையிலயே எவ்ளோ நேரம் புடிப்பீங்க? குடுங்க" என்று வாங்கி, கூண்டுத் துணிக்கு வெளியே பின்வளையத்தில் லாரி முடிச்சுப் போட்டார். "அரியலூர்ல போட்டா மெட்ராஸ் வரைக்கும் அவுறாது." எனக்கும் கை ஓய்ந்தால் சரி என்றிருந்தது. உன்னிடம் சொல்லவில்லை. அது என் தவறு.

கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் காற்று ஒரே தள்ளாகத் தள்ளியது. "கயித்த விடு" என்று கத்தினாய். விட என்ன இருக்கிறது? முடிச்சு இறுகிக்கொண்டே போனது. படகு சாய்ந்தது, கூண்டு தண்ணீரை மொண்டது, இரண்டு பேரும் மார்பளவு தண்ணீரில் சேற்றில் நின்றோம். கரையிலிருந்து குரல் வந்தது: "மேடம், முடிச்சு அவுறலல்ல?" கேட்டவருக்கு அவ்வளவு பெருமை. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "அண்ணே, அது லோடுக்குப் போடற முடிச்சு. இதுல லோடே காத்துதான், அப்பப்ப எறக்கி விடணும்."

சிரித்தாய், ஆனால் கரை சேரும்வரை வெயிலில் நின்றாய். அதற்கு உன் உடம்பு உன்னைப் பதினைந்து நாள் படுக்க வைத்தது. உன் தம்பி போனில், "அக்கா, இதோட போதும்" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. நான் கொட்டகைப் பக்கமே போகவில்லை.

பதினாறாம் நாள் நீ போன் செய்தாய். உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"கூண்டு ஒடஞ்சுதா?"

"இல்ல."

"அப்பறம் என்ன?"

அழுத்திப் பிடித்துக்கொள்ளும், ஒரு சுண்டு சுண்டினால் விட்டுவிடும் பல்பிடி ஒன்றை வாங்கிக் கயிற்றுக்குப் பொருத்தினேன். நூறு தடவை பூட்டியும் விடுவித்தும் பழகினேன். மாலையில் போகலாம் என்றதற்கு நீ ஒப்பவில்லை. "சாயங்காலம் போறதுக்கு எதுக்குடி நிழலு? உச்சி வெயில்ல போகணும்."

மாசியில் ஒரு ஞாயிறு, சரியாகப் பன்னிரண்டு மணிக்குப் போனோம். ஏரி முழுக்கக் கண்ணைக் கூசும் வெளிச்சம். நீ மட்டும் நிழலில். முதல் தடவை திரும்பியபோது பழக்கத்தில் நான் குனிந்தேன். கட்டை என் தலைக்கு மேலே, கூண்டுக்கும் மேலே, எதையும் தொடாமல் போனது. நீ குனியவில்லை. கழுத்தை நேராக வைத்து, கூண்டின் முன்வாயில் கட்டை கடந்து போவதைக் கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தாய். நாலு வருடத்தில் உன் முகத்தை நான் பகல் வெளிச்சத்தில் நிதானமாகப் பார்த்தது அன்றைக்குத்தான். மீன் குத்தகைக்காரர் கரையிலிருந்து, "டீச்சர், மாட்டு வண்டியா ஓட்டுறீங்க?" என்று கேட்டார். "ஆமா, ஏறுறீங்களா?" என்றாய்.

அதன்பின் மூன்று வருடம், உடம்பு விட்ட ஞாயிறெல்லாம் போனோம். ஒவ்வொரு முறையும் கரைக்கு வரும்போது, "ஒரு ரவுண்டு நீ சுக்கானப் புடி" என்பாய். "எனக்குக் கயிறு போதும்" என்பேன். போனதெல்லாம் நீ திருப்பிய பக்கம்தான். அதில் எனக்குக் குறையும் இருந்ததில்லை.

இப்போது கொட்டகையில், நீ உட்காரும் இடத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நீ என்னைவிட நாலு விரல் உயரம். அந்த நாலு விரல் என் தலைக்கு மேலே காலியாக இருக்கிறது.

புதுச்சேரிக்காரர் சொன்னது உண்மைதான். இந்தப் பாய் மெதுவாகத்தான் போகும். அவருக்கு இன்னும் பதில் போடவில்லை. பெங்களூருக்கும் சொல்லவில்லை. செல்வராசு அண்ணனைக் கயிற்றுக்குக் கூப்பிட வேண்டும், முடிச்சுப் போடக்கூடாது என்ற நிபந்தனையோடு. அவரிடமும் இன்னும் சொல்லவில்லை. படகு இங்கேயே இருக்கும், இதே ஒரு முழ உயரத்தில். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அதை ஏரியில் இறக்கப்போகிறேன். சுக்கான் என் கையில்.