தொட்டியில் வாய் வைத்த குழாய்

1934 ஜூன் 4, திங்கள்

ரசத்தில் தவிடு மிதந்தது. எங்கள் பிரிக்பீல்ட்ஸ் மெஸ்ஸில் சாப்பிடும் ரயில்வே ஆட்கள் சும்மா விடுவார்களா? நாளைக்குப் புண்ணாக்கும் போடச் சொன்னான் ஒருவன். பருப்பைச் சரியாகக் களையவில்லை என்று என் வீட்டுக்காரரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். நானா களையாதவள்? அரிசியில் ஒரு கல் என் கண்ணுக்குத் தப்பியதுண்டா?

ஜூன் 6

மறுபடியும். இந்த முறை குழாயிலிருந்தே தவிடு விழுந்தது. கண்ணால் பார்த்தேன்.

ஜூன் 9, சனி

ராதாகிருஷ்ணனுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். மெஸ் பிள்ளைகளிலேயே சாதுவானவன் அவன்.

சுகாதார இன்ஸ்பெக்டர் கார்த்திகேசு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். குழாய் போகும் வழியே நடந்து, பக்கத்துப் பால்காரர் தம்புசாமி அண்ணனின் மாட்டுத் தொட்டிக்கு முன்னால் நின்றார். தெருவிலிருந்து வரும் ஒரே குழாய்தான் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பிரிகிறது. அண்ணன் வீட்டுக் குழாயில் மாட்டிய ரப்பர் குழாயின் நுனி எப்போதும் தவிடு கலந்த தொட்டித் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும். ரயில் ஷெட்டில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும்போது இங்கே வேகம் குறைந்து, தொட்டியில் இருப்பதைக் குழாய் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறதாம். ஆக, மாடு குடித்த மிச்சத்தில்தான் நான் உலை வைத்திருக்கிறேன்.

"தண்ணி திரும்பாமல் ஒண்டைப் பூட்டும் மட்டும் இங்க சமைக்கக் கூடாது" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுப்பை அணைத்தேன். ஆட்கள் வேறு மெஸ்ஸுக்குப் போய்ப் பழகிவிட்டால் திரும்பி வருவார்களா? இந்த மெஸ்தான் எங்கள் சோறு.

ஜூன் 10

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. தம்புசாமி அண்ணன் காலையிலேயே வந்து, "பூட்டிட்டேன்லா, வந்து பாருங்க" என்றார். போய்ப் பார்த்தால் — குழாயைச் சுற்றி மரப்பெட்டி, அதில் திண்டுக்கல் பூட்டு! உள்ளே குழாய் திறந்தபடி, ரப்பர் குழாய் பழையபடி தொட்டிக்குள். இன்ஸ்பெக்டர் ஊரில் பூட்டு என்றால் பொருத்து என்று அர்த்தமாம். இவருக்கு யார் சொல்வது? எவனோ தண்ணீர் திருடுகிறான் என்றே நினைத்திருக்கிறார்.

ஜூன் 11

கௌஸ் பாயின் இரும்புக்கடைக்குப் போனேன். இரண்டு வால்வு எடுத்து வைத்தார். ஒன்றின் உள்ளே சின்னக் கதவு. போகும் தண்ணீருக்குத் திறக்கும், திரும்பும் தண்ணீருக்கு மூடிக்கொள்ளும். இன்னொன்றில் கதவுக்குப் பதில் ஸ்பிரிங். வீட்டுக்காரர் உடனே ஸ்பிரிங்கைக் கையில் எடுத்துக்கொண்டார், பளபளப்பு அதற்குத்தான் அதிகம்.

நான் முந்தானையில் கொஞ்சம் தவிடு முடிந்துகொண்டு போயிருந்தேன். கதவில் வைத்து, தண்ணீர் திரும்பும் பக்கமிருந்து ஊதினேன். கதவு மூடவில்லை, தவிடெல்லாம் பாய் முகத்தில். ஸ்பிரிங்கும் அதே கதிதான். பாய் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நல்ல தண்ணீர் போகும் இடத்துக்கு இவை சரி, மாட்டுத் தொட்டிக்குச் சரிப்படாது என்று ஒத்துக்கொண்டார். வெறுங்கையோடு வந்தோம். வழியெல்லாம் வீட்டுக்காரரின் முணுமுணுப்பு.

ஆனால் நான் செய்தது சரி. சிக்குகிற கதவை நம்பி இன்னொரு பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா?

ஜூன் 13, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்!

தம்புசாமி அண்ணன் தண்ணீர் கேட்டார். செம்பை உதட்டில் படாமல் தூக்கி, அண்ணாந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்தார். எச்சில் விஷயத்தில் அவ்வளவு கறார் அந்த மனுஷன். பார்த்துக்கொண்டே இருந்தவள் கேட்டுவிட்டேன்.

"அண்ணே, நீங்க அண்ணாந்து குடிக்கிறீங்க. உங்க குழாய் மட்டும் ஏன் தொட்டியில வாய் வெச்சிருக்கு? மாட்டு எச்சில்ல வெச்ச வாயாலதான் உங்க சாமிக்கும் தண்ணி ஊத்துது."

செம்பு அப்படியே கையில் நின்றது. எழுந்து போய்ப் பெட்டியைப் பிரித்து, ரப்பர் குழாயை அறுத்து எறிந்தார். குழாயின் வாய் தொட்டி விளிம்புக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நிற்கும்படி தூக்கிக் கட்டினோம். நடுவில் வெறும் காற்று. காற்றில் என்ன தவிடு சிக்கும்?

கிளம்பும்போது என் குழாயைப் பார்த்தார். வடிகட்டக் கட்டிய துணி அண்டாத் தண்ணீருக்குள் தொங்கியது. "இது மட்டும் மடியா, தங்கச்சி?" என்றார். உடனே அவிழ்த்தேன்.

ஜூன் 16

இன்ஸ்பெக்டர் வந்தார். தெருவிலிருந்து வரும் தண்ணீரை அடைத்துவிட்டு, என் குழாயையும் அண்ணன் குழாயையும் திறந்துவைத்துக் காத்திருந்தார். தொட்டிப் பக்கம் புஸ்ஸென்று காற்றை இழுக்கும் சத்தம். தொட்டித் தண்ணீர் அசையவில்லை.

"என்ன பூட்டினனீங்கள்?"

"ஒண்ணும் பூட்டலைங்க. வாயை எடுத்துட்டோம்" என்றேன்.

அவர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். வால்வை விட இதுதான் நம்பகம் என்றார். நான் அடுப்பு மூட்டப் போய்விட்டேன்.

ஜூலை 5, வியாழன்

பின்தெருவில் யார் வீட்டுக் குழாயிலோ இன்று சாக்கடை நாற்றமாம். அந்தத் தெருவே குடமும் வாளியுமாக என் வாசலில் நின்றது. தம்புசாமி அண்ணன் யாரும் சொல்லாமலே வந்து குழாயடியில் காவல் நின்றுகொண்டார். எந்தக் குடமும் குழாய் வாயில் முட்டக் கூடாது அவருக்கு.

கார்த்திகேசு அங்கே சோதனைக்கு வந்தவர், ஒப்பிட்டுப் பார்க்கப் போத்தலில் தண்ணீர் பிடிக்க இங்கே வந்து, அதன் வாயைக் குழாயோடு ஒட்டிப் பிடித்தார்.

"சார், எச்சில். இறக்கிப் பிடிங்க" என்றார் அண்ணன்.

இன்ஸ்பெக்டர் இறக்கிப் பிடித்தார். பிறகு கை கழுவி, பந்தியில், ஆஸ்பத்திரியிலிருந்து குணமாகி வந்துவிட்ட ராதாகிருஷ்ணன் பக்கத்தில் உட்கார்ந்து ரசம் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.