நீ சொன்ன அசல் ஸோம்பி

வாலு,

இடுப்பு விட்டுப்போகிறது. நேற்று முழுக்க சிமென்ட் மூட்டை சுமந்தேன், இன்றும் அதே வேலைதான். உன்னை எழுப்பிச் சண்டை போடத் தெம்பில்லை. எழுதி வைக்கிறேன்.

நேற்று சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது உன் சிநேகிதிகளிடம், "எங்க வீட்லயே ஒரு ஸோம்பி இருக்கு, வந்து பாருங்கடி" என்று அப்பாவைக் காட்டிச் சிரித்தாய். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த பிறகு அவர் காலை இழுத்து நடக்கிறார், மாத்திரையால் வாய் குழறுகிறது. ஆனால் காது நன்றாகக் கேட்கிறது.

போன வாரம் ஸோம்பி படம் பார்க்கும்போது நீதானே என்னிடம் சட்டம் பேசினாய்? "வெறி புடிச்சு ஓடறதெல்லாம் ஸோம்பி இல்லம்மா. செத்து எந்திரிக்கணும். பெத்த புள்ளையவே அடையாளம் தெரியக்கூடாது. அதுதான் அசல்."

சரி. நேற்று அவர்கள் போனதும், பரணிலிருந்து பெட்டி எடுக்க ஸ்டூலில் ஏறப் போனாய். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து, ஸ்டூலைப் பாதத்தால் அழுத்தி, ஆடவில்லை என்று பார்த்துவிட்டு, நீ இறங்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றார். சாரத்தில் அடுத்த ஆளை ஏற்றும்முன் அப்படித்தான் செய்வார்கள். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உன் சட்டப்படி பார்த்தாலும் அவர் ஸோம்பி இல்லையடி.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். முதலில் அவருக்குக் கொடு, மாத்திரை அப்புறம்.

வெளியே போனால் அவரை உள்ளே வைத்துப் பூட்டாதே. பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டுப் போ.

மதியம் கால் பயிற்சிக்காரர் வருவார். அவர் எதிரே இளிக்காதே.

இன்னொன்று. ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. கேட்டால் "பசிக்கல" என்றார். அவரிடம் நீ மன்னிப்புக் கேட்க வேண்டியது இன்னும் பாக்கி.